உயிரோடு இருந்து கெடுத்தேன்

பெரம்பலூர் டவுனில் உயிரோடு இருப்பவர்கள் எல்லாரும் ஃப்ளெக்ஸ் பேனரில் கலராகத்தான் இருப்பார்கள். காது குத்துகிற குழந்தை, கல்யாண மாப்பிள்ளை, அவனை வாழ்த்தும் நண்பர் பட்டாளம் என்று அத்தனை பேரும் பவுடர் அப்பிய முகத்தோடு பளபளப்பார்கள். கறுப்பு வெள்ளையில், தன்னந்தனியாக, கீழே ஒரு தேதியோடு நிற்கிற ஆள் யார் என்பது பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. எழுத்தாளன் ஆன புதிதில் இப்படிச் சில விஷயங்கள் தெரியாமல் போய்விடும்.

அரியலூரில் நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ‘நாளைக்கே நமக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா’ என்று ஆரம்பித்துப் பேசியே குடும்பம் நடத்துகிறவன். ஊரைப் பயமுறுத்தியது போக மிச்ச நேரத்தில் கதை எழுதினேன். ஒரு புத்தகத்துக்குச் சேர்ந்ததும் ‘சுண்ணாம்புக் காடு’ என்று பெயர் வைத்துச் சொந்தச் செலவில் அச்சடித்தேன். (என் மனைவி செல்வி இன்றுவரை அதைப் புத்தகம் என்று சொன்னதில்லை. ‘அந்த வாஷிங் மெஷின்’ என்பாள். அந்தப் பணம் அதற்குத்தான் வைத்திருந்தது.)

அதை விற்க எனக்குத் தெரிந்த ஒரே கடை பெரம்பலூரில் ஜமால் பாய் வைத்திருந்ததுதான். பாய் லப்பைக்குடிகாட்டுக்காரர். துபாயில் பல வருஷம் உழைத்துவிட்டு வந்து, ஆசை ஆசையாகப் புத்தகக் கடை திறந்தவர். திறந்தபோது நான்கு சுவரிலும் கதைப் புத்தகம். அப்புறம் ஒரு சுவரைப் பள்ளிக்கூட நோட்ஸ் பிடித்தது, அடுத்த சுவரைப் போட்டித் தேர்வு கைடு, மூன்றாவதை ஜெராக்ஸ் மெஷின். கதை வாங்குகிறவர்கள் போனிலேயே ஆர்டர் போட்டார்கள், அல்லது போனிலேயே இருந்துவிட்டார்கள். கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு அலமாரி. அதையும் எடுத்துவிட்டு ஸ்கூல் பேக் தொங்கவிடலாம் என்று பாயின் மகன் ஆசாரியை வரச் சொல்லிவிட்டான்.

“ஞாயித்துக்கிழம வந்து கையெழுத்துப் போட்டு வித்துக் குடுங்க சார். இந்த ஒரு கட்டு வித்துட்டா அலமாரிய எடுக்க மாட்டேன்னு பையன் ஒத்துக்கிட்டான். இல்லன்னா திங்கக்கிழம ஆணி அடிச்சிருவான்” என்றார் பாய். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. நான் அதைக் கவனிக்காமல் பேனருக்கு எந்தப் போட்டோ கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி நல்ல பிள்ளை. கலர் போடவா, ரெண்டு பக்கமும் ரோஜாப்பூ வைக்கவா, சொந்தக்காரர்கள் படத்தைக் கீழே வரிசையாக ஒட்டவா என்று கேட்டான். இலக்கியம் தெரியாத பையன் என்று அவனைப் பரிதாபமாகப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை போதும் என்றேன். மோவாயில் கை வைத்துத் தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி ஒரு படம் கொடுத்தேன். (பார்த்தது எதிர்வீட்டு மாடியில் காய்ந்த வத்தல்.) புத்தக அட்டையாவது போடலாமே என்று கெஞ்சினான். எழுத்தாளன் முகமே போதும் என்று சொல்லிவிட்டேன். பெயர், கீழே தேதி, மாலை நான்கு மணி, பாய் கடை வாசல். அவ்வளவுதான். “கீழ யாரு பேரு சார் போடறது?” என்று கடைசியாகக் கேட்டான். ‘நண்பர்கள்’ என்று போடச் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். போனை சைலண்டில் போட்டாயிற்று. எழுத்தாளர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். சிறிது நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாய் வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அழுகையும் சிரிப்பும் கலந்து கிடந்தன.

“சார், அல்லா உங்களுக்கு நீண்ட ஹயாத்தக் குடுக்கட்டும். இப்ப கொஞ்ச நேரம் குடோனுக்குள்ள உக்காருங்க.”

“ஏன் பாய்?”

“நீங்க மௌத்தாயிட்டீங்கன்னு, செத்துப் போயிட்டீங்கன்னு, வந்திருக்காங்க. ஆளுக்கொரு புத்தகம் கேக்குறாங்க.”

இதில் என் பங்கு என்ன என்று இன்றைக்கும் செல்வி கேட்பாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓடிப்போய் ‘இருக்கேன், இருக்கேன்’ என்று சொல்லத்தான் எழுந்தேன். ‘எத்தனை போச்சு பாய்?’ என்று கேட்டேன். பாதிக் கட்டு போய்விட்டதாம். குடோனுக்குள் போய்ப் பத்தாம் வகுப்பு கைடு கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

கதவிடுக்கு வழியாக என் இரங்கல் கூட்டம் தெளிவாகக் கேட்டது. வந்தவர்கள் முக்கால்வாசி என் பாலிசிதாரர்கள். நல்ல மனுஷன் என்றார்கள். வட்டச் செயலாளர் மாதிரி ஓயாமல் பேசுவார், இப்போது பாலிசிக்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்று கவலைப்பட்டார்கள். வீட்டுக்கு வந்தால் ரெண்டு டம்ளர் காபி குடிக்காமல் எழுந்திருக்க மாட்டார் என்று ஒருவர் விம்மினார். கதையைப் பற்றி ஒரு ஜீவன் வாய் திறக்கவில்லை. புருஷனை இழந்த அந்தம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கும் என்றுதான் எல்லாரும் புத்தகம் வாங்கினார்கள். பாய் ஒரு பொய்யும் சொல்லவில்லை. யார் என்ன கேட்டாலும் “நல்ல மனுசரு” என்று மட்டும் சொல்லிப் பில் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கீழப்பழுவூரிலிருந்து வேன் வந்தது. செல்வியின் தம்பி குமார், ஆள் உயர ரோஜா மாலையோடு இறங்கினான். டவுனுக்கு வந்த எவனோ பேனரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எங்கள் பக்கம் அந்த வழக்கமே கிடையாது. துக்கத்தை உறுதி பண்ணிக்கொண்டு வருவது மரியாதைக் குறைவு. “மாமா, ஒரு வார்த்த சொல்லாம போயிட்டீங்களே” என்று பேனரைக் கட்டிக்கொண்டு அவன் அழுத அழுகையில் எனக்கே கண் கலங்கிவிட்டது. வேனில் வந்தவர்களும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். பாய் கதவைத் திறந்து, “இன்னும் நாலஞ்சுதான் சார். மூச்சு விடாம இருங்க” என்று கிசுகிசுத்தார். அப்போது அவர் முகம் கடை திறந்த நாளில் இருந்த மாதிரி இருந்தது.

இருந்தேன். சத்தியமாக இருந்தேன். அப்போது ஒரு அம்மா பேசினார். செட்டிகுளத்து அங்கன்வாடி டீச்சர், கைடு வாங்க வந்தவர். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. எல்லாரும் அழுதுகொண்டிருக்கையில் அவர் ஓரமாக நின்று முதல் கதையைப் படித்து முடித்திருந்தார்.

“நல்லா எழுதியிருக்காரே. இவருகிட்ட ஒரு கையெழுத்து வாங்கக் குடுத்து வைக்கலியே” என்றார்.

என் ஆயுசில் என்னிடம் கையெழுத்து கேட்ட முதல் ஆள். எப்படி உட்கார்ந்திருக்க முடியும் சொல்லுங்கள்? பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன்.

முதலில் அலறல். அதற்கப்புறம் திட்டு. குமார் அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த மாலையைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாதென்று என் கழுத்திலேயே வீசினான். சரியாக அந்த நேரம் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக செல்வி வந்து சேர்ந்தாள். வாசல் கொள்ளாத கூட்டத்தையும் என் கழுத்து மாலையையும் பார்த்துவிட்டு, “பரவால்லயே” என்று முதல்முறையாக என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

புத்தகங்கள் ஒவ்வொன்றாக மேஜைக்குத் திரும்பி வந்தன. “உசுரோட இருக்கவரு புத்தகத்த எப்ப வேணா வாங்கிக்கலாம்ல” என்றார் காபிக்கு விம்மியவர். பாய் ஒருவரிடமும் முகம் சுளிக்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடைசி ஆள் போனதும் கதை அலமாரியைத் துணியால் துடைத்தார். திங்கட்கிழமை காலை எடுத்துவிடப்போகிற அலமாரியை எதற்குத் துடைக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் நாலே நாலு புத்தகம் விற்கிற வரைக்கும் நான் செத்துக் கிடந்திருக்கலாம்.

டீச்சர் மட்டும் திருப்பித் தரவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டார். “நீங்க இருந்தாலும் கத நல்லாத்தான் இருக்கு” என்று பெரிய மனது பண்ணிச் சொல்லிவிட்டுப் போனார்.

அலமாரி போய்விட்டது. இப்போது அங்கே ஸ்கூல் பேக் தொங்குகிறது. வெயிலுக்கு மறைப்பாகப் பாயின் மகன் என் பேனரையே கடை வாசலில் கட்டிவிட்டான். பேக் வாங்க வரும் பிள்ளைகள் அண்ணாந்தால், நான் மோவாயில் கை வைத்து வத்தலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குமார் எந்த விசேஷத்திலும் என்னை ‘மறைந்த எழுத்தாளர்’ என்றுதான் அறிமுகம் செய்கிறான்.

பேக்குகளுக்குக் கீழே, மகனுக்குத் தெரியாமல், ஒரு அட்டைப்பெட்டியில் கொஞ்சம் கதைப் புத்தகம் வைத்திருக்கிறார் பாய். டீச்சர் எப்போதாவது வந்து குனிந்து தேடுவாராம். போன மாதம் என் இரண்டாவது தொகுப்பை எடுத்துக்கொண்டு போனேன். பாய் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். பெட்டிக்குள் இடம் ஒதுக்கினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இந்தத் தடவ எப்படி சார், உயிரோடயேவா?”