கம்ப்ரசர் பெண் பார்த்த கதை

தென்காசியைச் சல்லடை போட்டுத் தேடினாலும், மரியாதைக்காகக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனிதன் ஒருத்தன்தான் தேறுவான். ஊர் அவனுக்கு வைத்த பேர் கம்ப்ரசர்.

என் செல்போன் கடைக்கு அடுத்தது அவனுடைய ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. கண்ணை மூடி ஃபிரிட்ஜ்மேல் காதை வைப்பான். கோளாறு எங்கே என்று சொல்வான். கழற்றினால் அங்கேதான் இருக்கும். குற்றாலம் ஐந்தருவி ஐஸ்கிரீம் வியாபாரிகள் சீசனுக்கு முன்னால் அவன் காதுக்காக வரிசையில் நிற்பார்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் அவனே அறிவிப்பான்: "எனக்கு ஆட்டிசம். மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேன். கோவம்னு நெனச்சிராதீய." ரத்த வகையைச் சொல்வதுபோலச் சொல்வான்.

இத்தனை திறமையும் தைரியமும் இருக்கிறவனுக்கா பெண் கிடைக்காது என்று நினைத்தேன். முதல் பெண் செங்கோட்டையில். பெண் வருவதற்குள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டான். "மாமா, ஒங்க ஃபிரிட்ஜ் ஒரு மாசந்தான் தாங்கும்." சம்பந்தம் முறிந்தது. ஒரு மாதத்தில் ஃபிரிட்ஜும் நின்றது. "தம்பி, வந்து பாத்துட்டுப் போங்க" என்று அந்த மாமா போன் செய்தார். ஃபிரிட்ஜைத்தான்.

அடுத்த வீட்டில் கேசரி கொடுத்தார்கள். "உப்பு கெடக்கு" என்றான். "பொண்ணு செஞ்சதாக்கும்" என்றார்கள். "அப்ப பொண்ணுதான் போட்டிருக்கு."

மூன்றாவது இடமும் தட்டிப்போன அன்று, மத்தியானமே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். "ஏலே, நான் எங்கன தப்புதேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவளே." எனக்குத் தாங்கவில்லை. பயிற்சி கொடுத்தேன்: பெண்ணின் புருவ மத்தியைப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும், ஃபிரிட்ஜ் பக்கம் போகவே கூடாது.

நாலாவது பெண் பண்பொழியில் ஸ்கூல் டீச்சர். நானும் கூடப் போனேன். பாவி, சொன்னதை அப்படியே செய்தான். பல் தெரியச் சிரித்தபடி இமைக்காமல் பார்த்தான். அந்தப் பெண் பொட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பொட்டு கோணலா இருக்கா?" என்று கேட்டேவிட்டாள்.

"தெரியல. இவன்தான் அங்கன பாக்கச் சொன்னான்."

நான் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தேன்.

"நீங்களா இருந்தா எங்கன பாப்பீய?" என்றாள் அவள்.

"தரைய. மூஞ்சியப் பாத்தா பேசுதது எனக்குக் கேக்காது. நீங்க பேசுததக் கேக்கணும்."

"அப்ப தரையவே பாருங்க. நான் நெறையப் பேசுவேன்."

அரை மணி நேரம் பேசினாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், ஹெட்மாஸ்டர், பஸ் நெரிசல். முடித்ததும் அவன் தரையிடம் சொன்னான்: "வேலைய விடச் சொல்லிருவாவளோன்னு பயப்படுதீய. மூணு தடவ வேற வேற மாதிரி சொன்னீய. நான் சொல்ல மாட்டேன்."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது. சொல்லிக் கொடுத்த நான் காப்பி டம்ளரைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு கம்ப்ரசர் கடையைப் பண்பொழிக்கு மாற்றிவிட்டான். அவன் காலி செய்த பக்கத்துக் கடைக்கு இதுவரை மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்துவிட்டார்கள். நல்லவர்கள்தான். ஒருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை.