நகரிப் பெட்ரோலும் நாற்பத்து நான்கு கிலோமீட்டரும்

வண்டி வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. வண்டியை ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. வண்டி என்ன கொடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது ஜீவனுக்கு நான் மைலேஜ்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். திருத்தணி வட்டாரத்தில் இவர்கள் அமோகமாக விளைகிறார்கள். நீங்கள் புது வண்டி வாங்கி, மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, முருகனிடம் காட்டிவிட்டு மலையிலிருந்து இறங்கி வருகிறீர்கள் என்று வையுங்கள். "கலர் நல்லாக்குதுப்பா" என்பவர் மனிதர். "லிட்டருக்கு என்னா குடுக்குது?" என்பவர் மைலேஜ்காரர். வண்டி இன்னும் ஒரு லிட்டர்கூடக் குடித்திருக்காதே ஐயா! அதைப் பற்றி அவருக்கென்ன?

முன்பெல்லாம் இவர் சாதுவான பிராணிதான். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார், "கிளட்ச்ல கை வெச்சிகினே ஓட்டாத" என்பார், போய்விடுவார். பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனாலைக் கலந்து விற்க ஆரம்பித்தார்களே, அன்றைக்குப் பிடித்தது சனி! எத்தனால் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் 'கொஞ்சம்' என்ற சொல்லை இவர் ஒப்புக்கொள்வதில்லை. வண்டி இருமினால் எத்தனால். காலையில் கிளம்ப மறுத்தால் எத்தனால். ஹாரன் கம்மினாலும் எத்தனால். பஞ்சர் ஆன அன்று மட்டும் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

யார் யோசித்தார் என்கிறீர்களா? எங்கள் ராஜமாணிக்கம்தான். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் வழியில், பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வீடு. வீட்டில் இரண்டு விசைத்தறி, ஒரு மனைவி, ஒரு மகள், பதினான்கு வயது பைக் ஒன்று. இவற்றில் பைக்குக்கு மட்டும் தனி நோட்டு போட்டிருக்கிறார்.

கிருத்திகை தோறும் ராஜமாணிக்கம் முந்நூற்று அறுபத்தைந்து படியும் நடந்தே ஏறுவார். "என்னா பக்தி, என்னா பக்தி" என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. மலைமேல் போக நல்ல தார்ரோடு இருக்கிறது. அதில் ஏறினால் மைலேஜ் அடிபடும், அதனால் வண்டியை அடிவாரத்தில் விட்டுவிடுகிறார் என்பது முருகனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். எத்தனால் கரும்பிலிருந்தும் வருகிறது என்று யாரோ சொன்ன வருஷம் பொங்கலுக்குக் கரும்பு வாங்கவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் சுப்பிரமணி ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தபோது, அந்தக் கரும்பை மேலிருந்து கீழாக ஒரு முறை முறைத்தார் பாருங்கள்!

வீட்டு ஜன்னலில் ஒரு பாட்டில் உண்டு. அதில் பாதி பெட்ரோல், பாதி தண்ணீர். குலுக்கி வைத்தால் எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும், தண்ணீர் மட்டம் ஏறும். ஏறிய இடத்தில் பேனாவால் கோடு போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார். தறிக்கு நூல் கொண்டுவந்தவர் பார்த்தாயிற்று, கேஸ் சிலிண்டர் போட வந்தவர் பார்த்தாயிற்று, பெண் பார்க்க வந்தவர்களும் பார்த்தாயிற்று. அவர்கள் மறுபடி வரவில்லை.

இத்தனை ஆராய்ச்சிக்கும் முடிவு என்ன? நகரி! ஆந்திராவில் பெட்ரோல் விலை அதிகம் என்பதால் நகரிக்காரர்கள் எல்லை தாண்டி வந்து நம் பங்க்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். எதிர்த்திசையில் ஒரே ஒரு பைக் போகும்.

"அங்க கலக்குறதில்லைங்க. மோந்து பாத்தாலே தெரியும், வாசனையே வேற" என்றார் என்னிடம்.

"நாடு முழுக்க ஒரே பெட்ரோல்தானே?"

"அதெல்லாம் பேப்பர்ல போடுவாங்க."

"போக வர பெட்ரோல் செலவாகாதா?"

"நல்ல பெட்ரோல்தானே செலவாவுது!" என்றார். 

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகள் தேவிப்பிரியாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வங்கிப் பரீட்சை. இரண்டு வருஷம் தறிச் சத்தத்துக்கு நடுவே காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்த பெண். அம்பத்தூரில் பரீட்சை, நேரம் தவறினால் கேட்டை மூடிவிடுவார்கள், அப்புறம் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். ஐந்தே முக்கால் ரயிலைப் பிடித்தே ஆக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை பார்த்துத்தான் நம்மவர் ஒரு லிட்டர் சோதனையைத் தொடங்கியிருந்தார். டேங்கைச் சொட்டு இல்லாமல் கேனில் வடித்துவிட்டு, நகரிப் பெட்ரோலில் ஒரே ஒரு லிட்டரை அளந்து ஊற்றி, வண்டி தானாக நிற்கும்வரை ஓட்டுவது. அன்று மாலைக்குள் முப்பத்தாறு கிலோமீட்டர் ஓடிவிட்டது. மறுநாள் விடியலில் மகளை ஏற்றிக்கொண்டார்.

மனைவி பிரபாவதி கேனோடு வாசலுக்கு வந்தார். "இத்த ஊத்திகினு போங்களேன். நடுவழியில நின்னுடப் போவுது."

"இத்த ஊத்துனா டெஸ்ட்டு கெட்டுப்போயிடும்மே! நகரி பெட்ரோல் அம்பத்தஞ்சு குடுக்கும். ஸ்டேஷனு பன்னண்டுதான். கூட்டிப் பாரு, நாப்பத்தெட்டு. ஏழு கிலோமீட்டர் மிச்சம்!"

வழியில் ஒரு பங்க் வந்தது. "நைனா, இங்க கொஞ்சம் போட்டுக்கலாம் நைனா" என்றாள் மகள்.

"இங்கியா? இது தமிழ்நாட்டு பெட்ரோலும்மா!"

எட்டாவது கிலோமீட்டரில் வண்டி இரண்டு முறை விக்கியது. நின்றது.

தேவிப்பிரியா மணியைப் பார்த்தாள், ஐந்து இருபத்தொன்று. "நைனா!" என்று அலறி அழ ஆரம்பித்தாள். ராஜமாணிக்கமும் அழும் நிலையில்தான் இருந்தார். செல்போன் டார்ச்சை அடித்து மீட்டரைக் குனிந்து பார்த்தவர், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நாப்பத்தி நாலு! நகரிக்காரனும் கலந்துட்டான்மா!"

மகளுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை நின்றுவிட்டது. "எனுக்கு பரீட்ச நைனா! ரெண்டு வருஷம் படிச்சேன்! உனுக்கு உன் பெட்ரோல்தான் பெருசா?" என்று நடுரோட்டில் கத்தினாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூஞ்சி செத்துப்போயிற்று. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். தள்ளிக்கொண்டு ஓடினால் நாலு கிலோமீட்டர் போய்ச் சேர ஆறே முக்காலாகிவிடும் என்பதுகூட அந்தக் கணக்குப்புலிக்குத் தோன்றவில்லை.

நல்லவேளை, விடியற்கால ஜெபத்துக்குச் சர்ச்சைத் திறக்கப் போய்க்கொண்டிருந்த ஜெபரத்தினம் உபதேசியார் மொபெட்டில் வந்தார். அந்த மொபெட் லிட்டருக்கு என்ன கொடுக்கிறது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. "நின்னா போடுவேன், போட்டா ஓடும்" என்பார். அவ்வளவுதான் அவர் ஞானம். "ஏறும்மா, ஏறு! ஜெபத்துக்கு வந்தவங்க வாசல்லியே பாடிகினு இருப்பாங்க" என்று பெண்ணை ஏற்றிக்கொண்டு பறந்தார். ரயில் ஊதிவிட்டது, கடைசிப் பெட்டியில் கையைப் பிடித்து யாரோ உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பிடித்துவிட்டாள்!

சாயங்காலம் ஸ்டேஷனில் ராஜமாணிக்கம் மூன்று ரயிலாக நின்றுகொண்டிருந்தார். நான்காவதில் மகள் இறங்கினாள். முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயம்.

"எப்டிம்மா எழுதன?"

"நல்லா எழுதிக்கிறேன் நைனா. ஒண்ணே ஒண்ணுதான் வுட்டுட்டேன்."

"ஐயோ! என்னா கேட்டான்?"

"ஒரு காரு லிட்டருக்கு இருவது கிலோமீட்டர் ஓடுது, நூத்தி அறுவதுக்கு எத்தினி லிட்டர் வேணும்னு கேட்டான்."

"எட்டும்மா! சுலபமாச்சே!"

"எட்டுன்னு எனுக்குத் தெரியாதா? ஆனா எத்தனால் கலந்ததா, கலக்காததான்னு அவன் போடவே இல்லியே நைனா. எந்த பெட்ரோல்னு தெரியாம எப்டி பதில் போடறது?"

பிளாட்பாரம் என்றும் பாராமல் ராஜமாணிக்கம் மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். ரிசல்ட் அடுத்த மாதம் வருகிறது. ஒரு மார்க்கில் போய்விட்டால் இரண்டு பேரையும் சேர்த்து வீட்டை விட்டுத் துரத்துவதாகப் பிரபாவதி சொல்லியிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஒரு சின்ன விஷயம் மட்டும் கேட்கிறேன். அந்தக் கார் கணக்கைப் படித்தீர்களே, 'எட்டு லிட்டர்' என்று முடித்துவிட்டு மேலே போனீர்களா? அல்லது 'இருபதா? எந்தக் கார் இருபது கொடுக்கிறது? டவுனிலா, ஹைவேயிலா? ஏசி போட்டா, போடாமலா?' என்று ஒரு நொடி நின்றீர்களா? நின்றிருந்தால், உங்கள் வீட்டில் யாருக்காவது நாளைக் காலையில் ரயில் இருக்கிறதா என்று விசாரித்து, இப்போதே ஒரு ஆட்டோவுக்குச் சொல்லிவிடுங்கள்.