தம்பியைப் படுக்க வைக்க வர வேண்டாம்

பழவேற்காடு,
ஆவணி மாதம், 1956.

சர்வேசுரன் கிருபையால் பெரம்பூரில் சௌக்கியமாய் இருக்கும் மூத்தவர் யேசுதாஸ் மாமா அவர்களுக்கு, தம்பி பெண்சாதி ஞானம்மா தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைக் கடிதத்தில் எழுதினால் போதும், நேரில் வந்து சொல்ல வேண்டாம்.

வரும் சனிக்கிழமை காரோடு வந்து உங்கள் தம்பியைப் பெரம்பூருக்குக் கொண்டுபோய், மூன்று மாதம் அசையாமல் படுக்க வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அனுப்ப மாட்டேன். மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்த மனிதருக்கு வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்த அன்று நீங்கள்தான் ஓடிவந்து பட்டணத்து டாக்டரிடம் காட்டினீர்கள், அதை மறக்கவில்லை. ஆனால் அந்த டாக்டர் "மூளை ஆறட்டும், அதுவரைக்கும் ஆட்டாதீங்க, பேச வைக்காதீங்க" என்றாரே, ஆறவிட்டு எடுக்க மூளை என்ன கஞ்சியா மாமா? நானும் முதலில் படுக்கத்தான் போட்டேன். கை நாளுக்கு நாள் விறைத்துக்கொண்டு வந்தது. கரையில் ஏற்றி வெயிலில் போட்ட தோணிக்குப் பலகை விரிவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மூன்று மாதம் கழித்து எழுப்பினால், எழுந்திருக்க அங்கே யார் மிச்சம் இருப்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு முத்தம்மா நண்டுக் கூடையோடு உள்ளே வந்தாள். என் பெயர்கூட வராத வாயிலிருந்து "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று வந்துவிட்டது. முத்தம்மா கூடையைப் போட்டுவிட்டாள். நண்டெல்லாம் கட்டிலுக்கடியில் ஓட, நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாம் ஏலம்தான். கஞ்சி வேண்டுமானால் இவர் கஞ்சியை ஏலம் கூற வேண்டும், தலையணை வேண்டுமானால் தலையணையை. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி முடிக்க, ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் இவர் "மூணு தரம்" என்றார். சாமியார் குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார். ரத்தம் எடுத்துப் பூசச் சொல்லி நீங்கள் அனுப்பிய புறாக்களும் ஏலம் போய்விட்டன. கட்டிலும் போய்விட்டது, ஆகையால் படுக்க வைக்க வருகிறவர்கள் கட்டிலும் கொண்டுவர வேண்டும்.

எல்லாவற்றையும் இவர் இடது கையாலேயே சமாளிக்கப் பார்த்தார். அந்தக் கையைப் பழைய சேலைத் துணியால் இடுப்போடு கட்டிவிட்டேன்.

"இன்னாடி ஞானம்மா, வாதம் வந்த மன்சனப் போயி கட்டிப் போட்டுக்கினு கீற?" என்று முத்தம்மா சண்டைக்கு வந்தாள்.

"சோறு வலது பக்கம் வச்சிக்கீறேன். பசிச்சா கை தானா வரும்," என்றேன்.

ஒருநாள் கோபம் தாங்காமல் தட்டைத் தூக்கி என் மேல் எறிந்தார். அது காதோரமாய்ப் போய்ச் சுவரில் பட்டது, சோறெல்லாம் என் தலையில். வலது கையால் எறிந்தார் மாமா. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கு அடிபட்டுவிட்டதென்று பயந்துபோய், அந்தக் கையாலேயே என் தலையில் இருந்த பருக்கைகளைத் தட்டிவிட்டார்.

இப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு மீன் சந்தைவரை வருகிறார். எல்லாம் திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது. வருவதானால் அதற்குரிய காலம் இதுதான் என்று மட்டும் தெரிகிறது, அதைப் படுக்கையில் போக்க மாட்டேன். காரை வாசலில் நிறுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

அக்காளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாதா உங்கள் குடும்பத்தைக் காப்பாளாக.

இப்படிக்கு,
சொன்ன பேச்சு கேளாத தம்பி பெண்சாதி,
ஞானம்மா.

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் தம்பி வந்து, யாருக்கு என்று ஜாடையில் கேட்டார். உங்களுக்கு என்றேன். வாயைக் கோணிக் கோணி வார்த்தையைத் தேடினார். பிறகு, "அண்ணன... வரச் சொல்லு. உன் கையில... மாட்டிக்கினு சாவுறேன்," என்றார். விழுந்த நாளிலிருந்து அவராகக் கோத்துச் சொன்ன முதல் பேச்சு இது. ஆகையால் சனிக்கிழமை அவசியம் வாருங்கள் மாமா. என்னைப் பற்றி இன்னும் நிறையக் குறை வைத்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேளுங்கள். எதையும் நான் மறுக்கப்போவதில்லை.