என் கடை போனுக்குள் அடங்காது

அன்று காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் இந்தக் கடைக்கு நான்தான் முதலாளி.

இருபத்திரண்டு வருடமாக நான்தான் முதலாளி. ஆனாலும் இந்த முடிவை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிரைவிங் லைசென்ஸ் மாதிரி.

எங்களுடையது மூக்குக் கண்ணாடிக் கடை. ஒரே அறை, நடுவில் ஒரு திரை. திரைக்கு முன்னால் பிரேம் அடுக்கிய அலமாரி, முகம் பார்க்க ஒரு ஆடி, சுவரில் பெரிதில் தொடங்கிச் சிறிதில் முடியும் எழுத்து அட்டை, ஒரு சுழல் நாற்காலி, அதில் நான். திரைக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் சாணை இயந்திரம், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் குழாய், ஒரு முக்காலி, அதில் என் மனைவி. வேலைப் பங்கீடு மிகத் தெளிவானது. நான் பேசுவேன். அவள் மற்றதைச் செய்வாள்.

மூன்று மாதத்துக்கு முன் பெரிய சாலையில் நாலு மாடியில் ஒரு கண்ணாடி ஷோரூம் திறந்தார்கள். வாசல் தானாகத் திறக்கும். உள்ளே போனால் குளிரும். எங்கள் வாசலை உதைத்தால்தான் திறக்கும். கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்குப் பேச ஆள் இல்லை. அவளுக்குத் தேய்க்க லென்ஸ் இல்லை.

"என்னங்க, நமக்கும் ஒரு வெப்சைட் வேணும்" என்றாள் திரைக்குப் பின்னால் இருந்து.

"அதைத்தான் காலையிலேயே முடிவு பண்ணிட்டேன்" என்றேன். பண்ணவில்லை. ஆனால் முதலாளி பின்தங்கக் கூடாது.

"போன்ல திறக்கிற மாதிரி இருக்கணும்."

"எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும்."

"அதுதான் பயமா இருக்கு."

இணையதளம் செய்து தருகிறவர் ஒருவரைப் பிடித்தேன். தாடி வைத்த சாந்தமான மனிதர். என்னிடம் வரும்வரை சாந்தமாக இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"முகப்புல என்ன படம் போடலாம் சார்?"

"என் படம்."

"கடைப் படம்?"

"என் பின்னாடி கொஞ்சம் தெரியட்டும்."

"கடையைப் பத்தி என்ன எழுதலாம்?"

இதற்கு நான் தயாராக இருந்தேன். 'பார்வைக் குறைபாடு நீக்கும் நுண்கருவிகளின் நம்பகமான விற்பனை மற்றும் சீரமைப்பு நிலையம்' என்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்படி யாராவது தேடுவாங்களா சார்? சனங்க என்ன வார்த்தையைத் தட்டித் தேடுறாங்களோ அந்த வார்த்தை நம்ம பக்கத்துல இருந்தாத்தான் நாம முன்னாடி வருவோம்."

"அப்படின்னா பக்கத்துக்கு அடியில 'கண்ணாடி'ன்னு இருநூறு தடவை போடுங்க. வெள்ளைத் தாள்ல வெள்ளை எழுத்தா. ஆளுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும்."

"அது பழைய வித்தை சார். இப்பல்லாம் மெஷினே கண்டுபிடிச்சுக் கீழே தள்ளிடும்."

"என்னைத் தள்ளட்டும் பார்க்கலாம்!"

"சரி. போன்ல பார்க்கிறதுக்குத் தனியா அமைக்கணும். எழுத்து பெருசா, படம் சின்னதா..."

"என் படம் சின்னதாவா? என் கடை போனுக்குள்ள அடங்குற கடை இல்லை. எழுதிக்குங்க."

எழுதிக்கொள்ளவில்லை. தாடியைத் தடவிக்கொண்டார்.

பத்து நாளில் இணையதளம் தயார். கடைக் கணினியின் பெரிய திரையில் திறந்தபோது எனக்கே மரியாதை வந்தது. திரை முழுக்க நான். என் காதோரத்திலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து வரிசையில் நின்றன. தேடும் இடத்தில் கடையின் முழுப் பெயரையும், தெருவையும், கதவு எண்ணையும் தட்டினேன். முதலில் வந்தது! தினமும் காலையில் தட்டினேன். தினமும் முதலில் வந்தது. என் பெயரை நானே கூப்பிட்டு, நானே 'உள்ளேன் ஐயா' என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

"பார்த்தியா? உலகத்துலேயே நாமதான் முதல்."

"கதவு நம்பர் தெரிஞ்சவன் எதுக்குங்க தேடப் போறான்? நேரா வர மாட்டானா?"

பதில் சொல்ல வேண்டிய கேள்விகளுக்குத்தான் நான் பதில் சொல்வேன்.

பக்கத்துக் கடைக்காரர் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டியிருப்பார். என் இணையதளத்தைப் பார்க்கச் சொன்னேன். கணினி இல்லையாம். போனில் திறந்தார். திறப்பதற்குள் ஒரு கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டிவிட்டார்.

"வந்துடுச்சு அண்ணே. மூக்கு தெரியுது."

"யார் மூக்கு?"

"உங்களுதுதான். நல்ல மூக்கு."

"கீழே தள்ளுப்பா."

"மீசை வருது."

"இன்னும் தள்ளு. போன் நம்பர் இருக்கும்."

"இன்னும் மீசைதான் அண்ணே... இருங்க, ஏதோ எறும்பு ஊருது." கண்ணில் லென்ஸைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "எறும்பு இல்லை. எழுத்து. 'பார்வைக் குறை' வரைக்கும் படிச்சுட்டேன். மீதியை நாளைக்குப் படிக்கவா?"

திரைக்குப் பின்னால் சாணை நின்றது. மனைவி வெளியே வந்தாள்.

"நம்ம கடையை யாருங்க தேடுவா? கண்ணாடி உடைஞ்சவன் தேடுவான். கண்ணு மங்கினவன் தேடுவான். உடைஞ்ச கண்ணாடியைக் கையில வச்சுக்கிட்டு, பஸ் ஸ்டாப்புல நின்னு, போன்ல தேடுவான். அவன்கிட்ட போய் இந்தப் பொடி எழுத்தை நீட்டினா?"

"கஷ்டப்பட்டுப் படிச்சாத்தான் கண்ணாடி வேணும்னு தோணும்!"

சொல்லும்போது பலமான வாதமாகத்தான் இருந்தது. கடிகாரக்காரர் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அதற்குள் இரண்டு பேர் வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருநூறு 'கண்ணாடி'யின் பலன். ஒருவர் குளியலறைக்கு நிலைக்கண்ணாடி கேட்டார். இன்னொருவர் வேன் ஓட்டுகிறவர்.

"முன் கண்ணாடி மாத்தணும்."

"உட்காருங்க. பவர் என்ன?"

"எண்பது குதிரை."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னும் முப்பதே நாள்! இணையதளத்தைப் பார்த்துட்டு இருபது பேர் வராங்களா இல்லையான்னு பாரு!"

"வரலைன்னா?"

"வரலைன்னா நான் பின்னாடி போய் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறேன். நீ வந்து இந்த நாற்காலியில உட்காரு."

சாணை மறுபடி நின்றது. இந்த முறை வெகுநேரம் நின்றது. திரையை விலக்கி அந்தச் சுழல் நாற்காலியை அவள் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அதில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்காராதே என்று நானும் சொன்னதில்லை. எழுந்ததில்லை, அவ்வளவுதான்.

"எழுதிடலாங்க" என்றாள் மெதுவாக. "யாரோட பக்கத்தைப் பார்த்து இருபது பேர் வராங்களோ, அவங்க முன்னாடி. மத்தவங்க பின்னாடி."

"உனக்குப் பக்கமே கிடையாதேம்மா!"

"இல்லைதான். எழுதினா என்ன, பேனா தேய்ஞ்சா போகும்?"

இல்லாத பக்கத்துக்கு இடம் ஒதுக்குகிறாளே என்று எனக்கு இரக்கமாகக்கூட இருந்தது. எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். சாட்சி கடிகாரக்காரர். ஒரு நோட்டும் வாங்கினேன். போனிலோ கணினியிலோ பார்த்து வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். பேச்சு மாறக் கூடாது பாருங்கள். இந்த ஏற்பாடு முழுக்க முழுக்க என் யோசனை.

முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் வாரத் தொடக்கத்தில் ஒரு பஸ் டிரைவர் வந்தார், இரண்டு துண்டான பிரேமோடு.

"போன்ல பார்த்தேன் சார். உடனே மாட்டித் தருவீங்களாமே?"

பாய்ந்து நோட்டை நீட்டினேன். "பக்கம் எப்படி இருந்துச்சு?"

"அருமை சார். கண்ணாடி இல்லாமலே படிச்சேன். எழுத்து அவ்வளவு பெருசு."

எனக்குப் புல்லரித்தது. என் எழுத்தையா எறும்பு என்றார்கள்? அவரவர் போன் அப்படி!

மறுநாள் இரண்டு பேர். அதற்கடுத்த நாள் நாலு பேர். ஒரு பள்ளி ஆசிரியை வந்து, "போன்லயே ரொம்ப அன்பா பதில் சொன்னீங்க" என்றார். நான் யாருக்கும் பதில் சொன்னதாக நினைவில்லை. ஆனால் அன்பானவன் என்று சொல்லும்போது மறுப்பது பண்பல்ல. ஒரு பெரியவர், "வழி கேட்கவே வேண்டாம் போங்க, மேப்புல பார்த்து நேரா வந்துட்டேன்" என்றார். இன்னொருவர் சுற்றுமுற்றும் பார்த்து, "அக்கா இல்லையா?" என்று கேட்டார். பக்கத்துத் தையல் கடைக்குப் போக வேண்டியவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். இருந்தாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

உள்ளே சாணை ஓயாமல் சுற்றியது. நான் நாற்காலியில் ஓயாமல் சுற்றினேன்.

"பதினாறு ஆச்சு! கேக்குதா?"

"கேக்குதுங்க. நோட்டைப் பத்திரமா வையுங்க."

"பயமா இருக்கா?"

"நனைஞ்சிடப் போகுது, அதான்."

இருபத்தெட்டாம் நாள் நோட்டில் இருபத்து மூன்று கையெழுத்து. நான் கடிகாரக்காரரைக் கூப்பிட்டேன். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிரேம் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்று வந்திருந்த பஸ் டிரைவரும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். நான் ஒப்பந்தத்தை உரக்கப் படித்தேன். நோட்டை உயர்த்திக் காட்டினேன்.

"தோல்வியை ஒத்துக்கிறியா?"

"இருபத்து மூணு பேர் போன்ல பார்த்து வந்தாங்க. ஒத்துக்கிறேன்" என்றாள். பிறகு டிரைவரிடம் திரும்பினாள். "தம்பி, நீங்க பார்த்த பக்கத்தை அண்ணனுக்குக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் 'கண்ணாடி உடஞ்சு போச்சு' என்று எழுத்துப் பிழையோடு தட்டினார். சட்டென்று ஒரு பக்கம் திறந்தது. வெள்ளைப் பின்னணி. எழுத்து அட்டையின் முதல் வரி அளவுக்குக் கறுப்பு எழுத்து.

'கண்ணாடி உடஞ்சு போச்சா? காது வலிக்குதா? மூக்குல தழும்பு விழுதா? ஊசி கோக்க முடியலையா? வாங்க, பார்த்துக்கலாம்.'

அடியில் கடை வாசலின் படம். அதற்கும் அடியில், கட்டை விரல் மாட்டும் அகலத்தில் ஒரு பச்சைப் பொத்தான்: 'பேசுங்க'.

என் மூக்கு எங்கேயும் இல்லை. மீசைகூட இல்லை.

"இது... நம்ம பக்கம் இல்லையே" என்றேன்.

"பொத்தானை அமுக்கிப் பாருங்க சார்" என்றார் டிரைவர், என் மேல் உள்ள நல்லெண்ணத்தில்.

அமுக்கினேன். திரைக்குப் பின்னால், சாணைக்குப் பக்கத்தில், என் மனைவியின் போன் மணியடித்தது.

கடிகாரக்காரர் கண்ணிலிருந்து லென்ஸைக் கழற்றினார். இதற்கு அது தேவைப்படவில்லை.

"எப்ப செஞ்ச?"

"நீங்க கையெழுத்துப் போட்ட அன்னைக்கு மத்தியானம். அந்தத் தாடிக்காரத் தம்பி ஓடி வந்து செஞ்சு குடுத்துச்சு. உங்க படம் போட வேண்டாம்னதும் கையெடுத்துக் கும்பிட்டுச்சு."

"இந்த வார்த்தை எல்லாம் அவன் எழுதினதா?"

"இல்லைங்க. இருபத்திரண்டு வருஷமா வர்றவங்க எல்லாம் இப்படித்தானே சொல்றாங்க. நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்."

இதற்கும் ஒரு பதில் இருந்திருக்க வேண்டும். தேடினேன். முதல் பக்கத்தில் எதுவும் வரவில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒருமுறை இந்தப் பக்கம் சுற்றினாள். ஒருமுறை அந்தப் பக்கம் சுற்றினாள். "இதுக்கு எண்ணெய் போடணும்" என்று மட்டும் சொன்னாள். நான் முக்காலிக்குப் போனேன்.

நான் தோற்றுவிட்டதாக நீங்கள் நினைத்தால் அது உங்கள் தவறு. இடம் மாறி உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். முதல் நாள் மூன்று லென்ஸ்களை அளவு தப்பித் தேய்த்தேன். இரண்டாம் நாள் இரண்டுதான். மூன்றாம் நாள், ஈரத் துணியும் கையுமாக ஒப்பந்தத்தை மறுபடி படித்தபோது அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். சாப்பாட்டு நேரத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை! மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அவள் வீட்டுக்குப் போகிறாள். அந்த ஒரு மணி நேரம் நாற்காலி யாருடையது? என்னுடையது. அந்த நேரத்தில் வருகிறவர்கள் யாருடைய வாடிக்கையாளர்கள்? என்னுடையவர்கள். என் பேச்சில் மயங்கி, அடுத்த முறையும் ஒரு மணிக்கே வருவார்கள். மெல்ல மெல்லச் சாப்பாட்டு நேரத்தை நீட்டுவேன். கடை திரும்பவும் என் கைக்கு வரும்.

"நீ நிதானமா சாப்பிட்டு வாம்மா" என்றேன்.

"சரிங்க" என்றாள். அவள் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சட்டையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கும் மறுநாள், இரண்டு அடித்ததும் வாசலுக்கு எதிரே ஐந்து பேர் ஒன்றாகச் சாலையைக் கடந்து வந்தார்கள், அதுவரை எங்கேயோ நிழலில் காத்திருந்தவர்கள் போல. எனக்குப் பொறி தட்டியது. போனை எடுத்து அவள் பக்கத்தைத் திறந்தேன். பச்சைப் பொத்தானுக்குக் கீழே, கண்ணாடி இல்லாதவனும் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் இருந்தது:

'மதியம் 1 முதல் 2 வரை வீட்டுக்காரர் மட்டும் இருப்பார். அவசரம் இல்லாதவர்கள் 2 மணிக்கு மேல் வரவும்.'