மூன்று நிழல்காரன் விரைவில்!

"தம்பி, மறுபடியும் ஒரு வாசகர்," என்றாள் போன் அக்கா, ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு. "'மூன்று நிழல்காரன்' எப்ப வருதுன்னு கேக்கறார். உங்ககிட்டயே பேசணுமாம்."

துணை ஆசிரியர் இரண்டு கைகளையும் விரித்தார், தலையை ஆட்டினார், அதுவும் போதாதென்று மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டார். போனில் இருப்பவர் கண்ணுக்குத் தான் தெரியப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். வெட்கத்துக்குத் தெரிய வேண்டுமே.

"அவர் வெளிய போயிருக்காருங்க," என்று அக்கா குரலில் தேன் தடவிச் சொன்னாள். "வந்ததும் சொல்லிடறேன்."

விஷயம் இதுதான். அந்தக் காமிக்ஸ் பதிப்பகம் மாதம் ஒரு புத்தகம் போடும். பின்னட்டையில் 'வரவிருக்கும் வெளியீடுகள்' என்று கட்டம் கட்டமாக விளம்பரம். ஒரு மாதம், அட்டை அச்சுக்குப் போகிற நேரத்தில், முதலாளி ஒரு புத்தகத்தை வேண்டாம் என்று தூக்கிவிட்டார். நடுவில் ஒரு கட்டம் பல் விழுந்த மாதிரி நின்றது. காலிக் கட்டத்தோடு அட்டை வெளியே போனால் சாப்பாடு இறங்காத ரகம் நம் துணை ஆசிரியர். யோசிக்கவே இல்லை, எழுதிவிட்டார்: 'பல்லாண்டுகளாக நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த "மூன்று நிழல்காரன்" - விரைவில்!'

அப்படி ஒரு கதை உலகத்திலேயே கிடையாது. அதுவரை ஒரு ஆளும் கேட்டதும் கிடையாது. அதற்கப்புறம்தான் கேட்க ஆரம்பித்தார்கள்.

"அக்கா, யார் கேட்டாலும் மொழிபெயர்ப்பு நடக்குதுன்னு சொல்லிடுங்க," என்றார். அத்தோடு விட்டாரா? அடுத்த இதழின் செய்திப் பக்கத்திலும் 'மொழிபெயர்ப்பு மும்முரம்!' என்று போட்டுவிட்டார்.

இதழ் கடைக்குப் போனதும் அக்கா கதவருகே வந்து நின்றாள்.

"ஒரு பெரியவர் பேசினார் தம்பி. சின்ன வயசுலயே அந்தக் கதையைப் படிச்சிருக்காராம். மூணாவது நிழல் பேசற இடத்துல மட்டும் கை வைக்காதீங்கன்னு சொல்லச் சொன்னார்."

துணை ஆசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "மூணாவது நிழல் பேசுமா?"

"பேசுமாமே. நீங்கதானே போடறீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். நல்லாவே பேசும்."

அன்று மதியம் யாருக்கும் தெரியாமல் பழைய புத்தக அலமாரி முழுவதையும் குடைந்து பார்த்தார். ஒருவேளை இருக்குமோ? இல்லை. தும்மல்தான் வந்தது.

அடுத்த மாதம் தாமதத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே. 'கெட்டி அட்டை, முழு வண்ணம், இலவச போஸ்டர்! அதனால்தான் சற்றுத் தாமதம்!' என்று எழுதினார். நெருப்பை அணைக்க நெய் ஊற்றின கதைதான். கீழே அச்சு இயந்திரம் கடகடக்கிற சத்தத்தில் போன் மணி அவர் காதில் விழுவதே இல்லை. அக்காவுக்கு மட்டும் எப்படித்தான் கேட்குமோ, பாய்ந்து எடுத்துவிடுவாள். எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ரிசீவர் அவள் காதிலேயே இருந்தது.

"காது சுடுது தம்பி," என்பாள். "காலையிலேர்ந்து ஒரே நிழல்காரன்தான்."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். துணை ஆசிரியரின் தோளில் தட்டியே தோலை உரித்துவிட்டார்.

"நிஜத்தைச் சொல்லட்டுமா? போனே வராத ஆபீசுக்கு போனுக்கு ஒரு ஆள் எதுக்குன்னு அக்காவை நிறுத்திடலாம்னு இருந்தேன். இப்ப அவங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. எல்லாம் உன்னாலதான்யா. காகிதத்துக்குச் சொல்லிட்டேன். இன்னொரு போன் லைனும் வருது."

அந்தப் பாராட்டு துணை ஆசிரியரைக் கூனிக் குறுக வைத்தது. திட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடலாம். பாராட்டை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது? வீட்டில் மனைவி, "என்னங்க, முகமே சரியில்லையே?" என்று கேட்டபோது வயிற்றுவலி என்று அவளிடமும் ஒரு பொய். பொய் சொல்லுவது இப்போதெல்லாம் எவ்வளவு சரளமாக வருகிறது என்று நினைக்கையில் அவருக்கே அசிங்கமாக இருந்தது.

கடைசியாக வந்ததுதான் அவரைக் கவிழ்த்தது.

"ஒரு அம்மா பேசினாங்க தம்பி," என்றாள் அக்கா, முதலாளி காதிலும் விழும்படி. "குழந்தைக்குக் காய்ச்சலாம். 'நிழல்காரன் வரப்போறான், குடி'ன்னு சொன்னாத்தான் மருந்தைக் குடிக்குதாம்."

துணை ஆசிரியர் அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் புது லைன் போட லைன்மேன் பையும் கையுமாக வந்து, அக்காவின் மேஜைக்கு அடியில் புகுந்து ஒயர்களை இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா என்றும் இல்லாத தவிப்போடு ரிசீவரைக் காதில் வைத்து, "ஆமாங்க, சரிங்க," என்று பேசிக்கொண்டே இருந்தாள். முதலாளி வந்தார்.

"காகிதம் கீழ வந்து இறங்கியாச்சு. கதையை எடுய்யா."

"சார்... கதை இல்லை."

"இன்னும் முடியலையா?"

"அப்படி ஒரு கதையே கிடையாது சார். கட்டம் காலியா இருந்துச்சு. நான்தான் அடிச்சு விட்டேன்."

முதலாளி கத்தியிருந்தால் தேவலை. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காகிதத்துல வேற எதையாவது அடிச்சுக்கலாம். ஜனங்களுக்கு என்னய்யா பதில்? அந்தக் குழந்தைக்கு என்ன சொல்றது? இனிமே வர்ற ஒவ்வொரு போனையும் நீயே எடு. உன் வாயாலயே சொல்லு. இப்பவே ஆரம்பி."

துணை ஆசிரியர் அக்காவிடம் கை நீட்டினார். "கொடுங்கக்கா."

"வேணாம் தம்பி!" அக்கா ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முகம் வெளிறிவிட்டது. "இவர் ரொம்பக் கோவமா இருக்கார். நானே பேசி அனுப்பிடறேன்."

தான் செய்த காரியத்துக்கு இத்தனை மாதமாக யார் யாரோ திட்டியதை இந்த அம்மாள் தாங்கியிருக்கிறாளே என்று அவருக்குக் கண் கலங்கியது. ரிசீவரை வலுக்கட்டாயமாகவே வாங்கிக்கொண்டார்.

"ஐயா, நான்தான் துணை ஆசிரியர். 'மூன்று நிழல்காரன்' வராதுங்க. பொய் சொல்லிட்டேன்."

பதில் இல்லை.

"மொழிபெயர்ப்பும் பொய். போஸ்டரும் பொய். மூணாவது நிழல் பேசுமான்னுகூட எனக்குத் தெரியாது. என்னை மன்னிச்சிடுங்க."

அப்போதும் பதில் இல்லை. வாசகர் எவ்வளவு நொந்துபோயிருந்தால் இப்படி மௌனமாக இருப்பார்! வசவைவிட அந்த மௌனம் சுட்டது.

"நாலு வார்த்தை திட்டிடுங்கய்யா, தயவுசெஞ்சு. இப்படிப் பேசாம மட்டும் இருக்காதீங்க." குரல் உடைந்து, மூக்கு ஒழுகி, முதலாளி முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி விசும்ப ஆரம்பித்தார்.

மேஜைக்கு அடியிலிருந்து லைன்மேன் தலையை வெளியே நீட்டினார்.

"யாருகிட்ட சார் இவ்வளவு நேரமா அழுதுக்கிட்டிருக்கீங்க? தெருவுல பள்ளம் தோண்டினப்பவே இந்த லைன் அறுந்துபோச்சே, வருஷம் ஒண்ணாகப்போகுது, ஒரு போன்கூட வந்திருக்காதே!"