கால் வழியே இறங்கிய புகை

வட துருவத்தை ஒட்டிய அந்தப் பனியூரில், தெற்கிலிருந்து வந்த விமானத்தில் ஒரு மகான் இறங்கியிருந்தார். பெயர் வெண்டெல் க்ராஸ்பி. அவர் தரும் பட்டையை உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு தூங்கினால் போதும், நுரையீரலில் படிந்த சிகரெட் புகையெல்லாம் கால் வழியே இறங்கிவிடுமாம். நுரையீரலிலிருந்து காலுக்கு எந்தக் குழாய் ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பட்டை கோபித்துக்கொள்ளுமே! பனிவண்டியின் எஞ்சினை அணைக்கக்கூட மறந்து, ஊரே பொதுக்கூடத்துக்கு ஓடியது.

வேட்டைக்காரர் ஜைபூட்டியும் ஓடினார். கடல்நாய் மூச்சுவிட வரும் பனித்துளை ஓரம் மூச்சடக்கிக் காத்திருப்பார். அது தலைநீட்டும் நேரம் பார்த்து இருமிவிடுவார். வேட்டையும் போய், கூட வருபவர்களும் விலகிப் போய்விட்டார்கள். சிகரெட்டை விடுவதற்கு நர்ஸ் கொடுத்த நிக்கோட்டின் மிட்டாய் கசக்கிறதென்று மூலையில் கிடந்தது. பட்டை கசக்காது அல்லவா?

காலையில் பார்த்தால் பட்டை கன்னங்கரேல்.

"பாத்தியா கௌனாக்? அத்தனையும் இறங்கிடுச்சு," என்று மனைவியிடம் காட்டிவிட்டு, அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

"எதுக்கு மறுபடியும்?"

"அதான் ராத்திரி இறங்கிடுமே."

ஊரெல்லாம் இதே கணக்கு. கடையில் சிகரெட் தீர்ந்துபோனது. ஜைபூட்டியின் இருமலில் ரத்தம் தெரிந்தது. அன்றிரவு கௌனாக், பக்கத்து வீட்டார் கொடுத்து, சமையலறையில் பனி உருகிக் கிடந்த கடல்நாயின் துடுப்பில் ஒரு பட்டையை ஒட்டினாள். மறுநாள் பட்டையோடு அந்தக் கடல்நாயையே இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

மேடையில் க்ராஸ்பி கறுத்த பட்டை ஒன்றை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இதுவும் கறுத்திருக்கு," என்றாள். "இவரு எத்தனை வருஷமா சிகரெட் குடிக்கிறாரு?"

கூடம் குலுங்கிச் சிரித்தது.

"கடல்ல கப்பல் புகை கலந்திருக்கும்மா. அதை இந்த ஜீவன்…"

"சரிதான். அப்போ இது?" புதுப் பட்டை ஒன்றைப் பிரித்து, அங்கே தேநீருக்கு வைத்திருந்த கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றினாள். எல்லார் கண்முன்னும் அது கறுத்தது. "ஈரம் பட்டா கறுக்குற பொடி. நம்ம கால் வேர்வைக்கும் அதே கதிதான். இல்ல, கெட்டிலும் சிகரெட் பிடிக்குதா?"

க்ராஸ்பி பெட்டியை மூடிவிட்டு ஓடினார். பாவம், வெளியே பனிப்புயல், விமானம் வரவில்லை. ஊரில் இருந்த ஒரே விடுதியில், ஏமாந்தவர்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. ஒவ்வொருவராகக் காலணியைக் கழற்றி அவர் முன்னால் காலை நீட்டினார்கள்.

ஜைபூட்டி அங்கே போகவில்லை. நேரே நர்ஸிடம் போனார். "ரொம்பக் கஷ்டமா இருக்கு, தாயே. எப்படி விடுறதுன்னு மொதல்லேர்ந்து சொல்லு," என்றார்.

கஷ்டமில்லாமல் விட்டுவிடலாம் என்று எவனாவது வந்தால் காலை நீட்டாதீர்கள். நுரையீரல் புகையை மெல்ல இறக்கிக்கொள்ளலாம்; மூளையில் படிந்த புகையை யோசித்துத்தான் இறக்க வேண்டும்.