நலமாக இருப்பதாகத் தெரிவித்துக்கொண்டவர்

ஒரு கூலித் தொழிலாளியின் வாய்ச்சொல்லை, சாட்சி கேட்காமல், சத்தியம் வாங்காமல், அப்படியே நம்புகிற அலுவலகம் ஒன்று இந்தப் பூமியில் இருக்கிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். இருக்கிறது. உடல் இயலாமை உதவித்தொகை அலுவலகம் என்று பெயர். மற்ற அலுவலகங்களெல்லாம் மனிதனை நிற்க வைத்துவிட்டுக் காகிதத்தைப் பார்க்கும். இந்த அலுவலகமோ டாக்டர் கொடுத்த காகிதங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, மனிதனின் முகத்தைப் பார்த்து, "எப்படி இருக்கீங்க?" என்று விசாரிக்கும். பெற்ற தாய்க்கு அடுத்தபடியாக அப்படி விசாரிக்கிறவர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்?

அந்த விசாரிப்பில்தான் கிரேன் கவிழ்ந்தார்.

கிரேன் என்பது குடோனில் அவருக்கு வைத்த பெயர். இரண்டு ஆள் தூக்குகிற மூட்டையை ஒரே ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு போவார் என்பதால் வந்த பட்டம். அந்தக் கிரேன் ஒரு நாள் காலையில் லாரிக்குப் பின்னால் சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஏதோ பசையைத் தடவி, திரையில் இதயத்தைப் பார்த்த டாக்டர், "பாதி வேலைதான் செய்யுது. இனிமே தண்ணி வாளிகூடத் தூக்கக் கூடாது. மூட்டையைத் தொட்டீங்கன்னா அதுதான் கடைசி மூட்டை" என்று சொல்லி எழுதியும் கொடுத்துவிட்டார். உதவித்தொகை கிடைத்தால் வீட்டில் உட்காரலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் குடோன்தான். நடுவில் மூன்றாவது வழி எதுவும் கிரேனுக்குத் தெரியவில்லை. சலவைக்கடையில் இஸ்திரி போடும் அவருடைய மனைவிக்கும் தெரியவில்லை.

ஆகவே மனு போட்டார்கள். அந்த அலுவலகத்தில் உறுப்புக்கு ஒரு பிரிவு. இதயப் பிரிவு அதிகாரி கிரேனை எதிரில் உட்கார வைத்து, அன்பாகக் கேட்டார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்கய்யா."

"சாப்பாடு, தூக்கம்?"

"ஒரு குறையும் இல்லைங்கய்யா."

"வேலை செய்ய முடியுமா?"

"குடுத்தா செய்வேங்கய்யா."

அவர் பொய் சொல்லவில்லை, பழக்கத்தைச் சொன்னார். குடோன் கேட்டில் தினமும் காலையில் மேஸ்திரி நின்றுகொண்டு, "எப்படிப்பா இருக்கே?" என்று கேட்பார். அது குசலம் விசாரிப்பு அல்ல, வாசல். "நல்லா இருக்கேன்" என்றவன் உள்ளே போவான். "கொஞ்சம் காய்ச்சலா…" என்று இழுத்தவன் வீட்டுக்குப் போவான். தலை நரைக்கும்வரை இப்படிச் சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தை கிரேனின் மூளையைக் கேட்காமலே நாக்கிலிருந்து கிளம்பிவிடும்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. "மனுதாரர் தாம் நலமாக இருப்பதாகத் தாமே தெரிவித்துக்கொண்டார். அவரது வாக்கைச் சந்தேகிக்கத் துறைக்கு யாதொரு முகாந்திரமும் இல்லை. எனவே மனு நிராகரிக்கப்படுகிறது." எவ்வளவு மரியாதை! டாக்டர் சொல்லையும் கிரேன் சொல்லையும் ஒரே தராசில் வைத்து, கிரேன் பக்கம் தட்டைத் தாழ்த்திவிட்டார்கள்.

மனைவி அந்த மரியாதையில் மயங்கவில்லை. புருஷனை இழுத்துக்கொண்டு இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனாள். மையம் என்றால் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்புறம் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு வக்கீலம்மா. மின்விசிறி மட்டும் வேலை செய்யவில்லை.

வக்கீலம்மா உத்தரவைப் படித்துவிட்டுத் தலைநிமிர்ந்தார்.

"அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேம்மா."

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி. "ஒரு தடவை எனக்குப் பிரசவ வலி. உள்ளே நான் கத்துறேன். வெளியே யாரோ கேட்டதுக்கு, 'நாங்க நல்லா இருக்கோம்'னு எனக்கும் சேத்துப் பதில் சொன்ன மகராசன் இவரு."

"பரவாயில்ல அக்கா. மேல்முறையீடு போடுறோம். அதுக்குள்ள இவருக்குப் பாடம் எடுத்திடலாம்."

ஆரம்பமாயிற்று பயிற்சி. நோயாளிக்கு நோயைச் சொல்லிக்கொடுக்கும் கல்விமுறை அதற்கு முன் எங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா—"

மனைவி கிள்ளினாள்.

"மூச்சு வாங்குது," என்றார் கிரேன்.

"அப்படித்தான். இன்னும்?"

"மூச்சு வாங்குது. ஆனா பெருசா ஒண்ணுமில்ல."

"அந்த 'ஆனா'வை வீட்லயே வெச்சிட்டு வாங்கண்ணே. படுத்தா மூச்சு முட்டுதா?"

"முட்டும். எழுந்து உக்காந்துக்குவேன்."

"எவ்வளவு நேரம்?"

"விடியிற வரைக்கும்தான்."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்கிட்டகூடச் சொல்லல பாருங்க. காத்து வாங்குறேன், நீ தூங்குன்னு சொல்வாரு."

விசாரணை நாள் வந்தது. நீள மேசைக்குப் பின்னால் மேல்முறையீட்டுக் குழுவின் தலைவர் உட்கார்ந்திருந்தார். துறையின் சார்பில் இதயப் பிரிவு அதிகாரி வந்திருந்தார். தம் தரப்புக்கு அசைக்க முடியாத சாட்சியாக அவர் குடோன் மேஸ்திரியையே கூட்டிவந்திருந்தார். மனுதாரரின் ஆரோக்கியத்தைத் தினமும் நேரில் விசாரித்தவர் என்ற முறையில், துறையின் பார்வையில் அவர் டாக்டருக்கும் மேலானவர்.

பெரியவர்களைக் கண்டதும் கிரேன் வழக்கம்போல எழுந்து நின்றார்.

"உக்காருங்க," என்றார் தலைவர். நல்ல மனிதர். எதிரே வேர்த்துக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்து ஒரு இரக்கத்தில் கேட்டுவிட்டார். "எப்படி இருக்கீங்க?"

மனைவியின் விரல்கள் நீள்வதற்குள் வார்த்தை கிளம்பிவிட்டது.

"நல்லா இருக்கேங்கய்யா."

அதிகாரி முகத்தில் பல்பு எரிந்தது. "பதிவு பண்ணிக்கணும், ஐயா."

பல நாள் படிப்பு ஒரே நொடியில் பாழ். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வக்கீலம்மா எழுந்து, மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

"துறையோட சாட்சியை நான் விசாரிக்கலாமா? மேஸ்திரி ஐயா, இவர் நல்லா இருக்கார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினம் கேப்பேங்க. தினம் நல்லா இருக்கேன்னு சொல்வாரு."

"வேற ஆளுங்க?"

"எல்லாரும் அதேதான் சொல்வாங்க." மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தினார். "நான் மேஸ்திரியா வந்த நாள்லேர்ந்து என் குடோன்ல நோயாளின்னு ஒருத்தன்கூடக் கிடையாது."

"யாரும் விழுந்தது இல்லையா?"

"விழுவாங்க. அடிக்கடி விழுவாங்க. ஆனா நல்லா இருக்கும்போதுதான் விழுவாங்க."

தலைவர் எழுதுவதை நிறுத்தினார்.

"இவர் விழுந்த அன்னிக்கு?"

"அன்னிக்கும் கேட்டேங்க. படுத்துக்கிட்டே, நல்லா இருக்கேன்னாரு. உதடு மட்டும் கொஞ்சம் நீலமா இருந்துச்சு. பேச்சு தெளிவாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருக்கறவரை ஏன் ஆம்புலன்ஸ்ல ஏத்துனீங்க?"

"லாரிக்கு வழி விடாம படுத்திருந்தாருங்களே. பின்னால இன்னொரு லோடு நிக்குது."

மேஸ்திரி, தாம் துறைக்கு நல்ல சேவை செய்துவிட்ட திருப்தியில், அதிகாரியைப் பார்த்துத் தலையாட்டினார். அதிகாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கிரேனிடம் திரும்பினார். "நீங்க எப்பவாவது, யார்கிட்டயாவது, உடம்பு சரியில்லைன்னு சொல்லியிருக்கீங்களா?"

கிரேன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இல்லைங்கய்யா. சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்களே."

"இங்க யாரும் திருப்பி அனுப்பமாட்டாங்க."

கிரேன் ஒருமுறை கதவைப் பார்த்தார், ஒருமுறை மனைவியைப் பார்த்தார். அப்புறம், யாரோ வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோல மெல்லிய குரலில் சொன்னார். "முடியலைங்கய்யா."

அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு மூச்சு வாங்கியது. சொல்லிக்கொடுத்ததில் அது இல்லை. மனைவி அப்போதுதான் அழுதாள்.

தலைவர் அங்கேயே உத்தரவைச் சொன்னார். மனுதாரர் நலமாக இருப்பதாகத் தெரிவிப்பது அவரது நோயின் நீண்டநாள் அறிகுறி எனக் கருதப்படுகிறது, உதவித்தொகை வழங்கப்படுகிறது. அதிகாரியும் பெருந்தன்மையாகக் கைகுலுக்கினார். "எங்களுக்கும் சந்தோஷம்தான். எங்க துறை யாருக்கும் எதிரி இல்ல பாருங்க."

உண்மைதான். அந்தத் துறையில் யாரும் யாருக்கும் எதிரி இல்லை. உத்தரவை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனபோது, இதயப் பிரிவு குமாஸ்தாகூட நாற்காலியை இழுத்துப்போட்டுத்தான் அவர்களை உட்கார வைத்தார். உத்தரவை விரித்தார். மேசையைத் தடவினார். தலையைச் சொறிந்தார்.

"கொஞ்சம் இருங்க. 'அனுமதிக்கப்பட்டது'ங்கிற முத்திரை எங்க பிரிவுல இல்ல. கால் பிரிவுல இரவல் கேட்டு வாங்கிட்டு வரேன்."

"ஏன் சார், உங்க பிரிவுக்குன்னு முத்திரையே கிடையாதா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லாம என்ன?" குமாஸ்தா இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்று 'நிராகரிக்கப்பட்டது'. இன்னொன்றின் கைப்பிடி வழவழவென்று மின்னியது. அடியில் ரப்பர் மொழுமொழுவென்று ஆகிவிட்டிருந்தது.

"இது என்ன, ஒரு எழுத்துகூடத் தெரியலையே?"

"'மனுதாரர் காலமாகிவிட்டதால் கோப்பு முடிக்கப்பட்டது.' மேல்முறையீட்டுக்குப் போனதெல்லாம் இதுலதாம்மா முடியும். நாளெல்லாம் குத்திக் குத்தி எழுத்து தேஞ்சுபோச்சு," என்று சலித்துக்கொண்டார் குமாஸ்தா. "புதுசு கேட்டு எழுதிப் போட்டிருக்கோம். இந்த அலுவலகத்துல ஒரு காரியம் சீக்கிரம் நடக்குதா, சொல்லுங்க."